கண்ட்ரோல் ஏன் சும்மா இருக்கலைன்னு நான் கேக்காம விட்ட எட்டு மாசம்

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து மூச்சுக்குழாய் செல்லுல வேலை பாக்குற, இல்ல இனிமே பாக்கப் போற எந்தப் பிள்ளைக்காவது இது உதவட்டும்னுதான் எழுதுறேன். லேப்ல வளர்க்குற செல்லுல கண்ணுக்குத் தெரியாம வேற பாக்டீரியா கலந்திருக்கும், முதல்ல அதை டெஸ்ட் பண்ணுன்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்றதுக்கு ஆள் இல்லாம இல்ல, நான் யார்கிட்டயும் கேக்கல. எட்டு மாசம் போச்சு, பணம் போச்சு, நடுவுல ரெண்டு தடவை ஊருக்கு டிக்கெட் போட்டு கேன்சல் பண்ணேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் விருதுநகர் பக்கம். 2022 பிப்ரவரியில மேற்படிப்புக்கு இங்க வந்தேன். ரெண்டு மாசத்துலயே ஏப்ரல் வெள்ளம், ஊரே சேத்துக்குள்ள கிடந்துச்சு, தண்ணி லாரிக்கு வாளி தூக்கிட்டு நின்னதுதான் இந்த ஊர்ல என்னோட முதல் ஞாபகம். சாட்ஸ்வொர்த்துல ஒரு ஆயா வீட்டுல ரூம் கிடைச்சுது. பாட்டியை இங்க ஆயான்னுதான் கூப்பிடுறாங்க. 1860-ல டுரூரோ கப்பல்ல ஆரம்பிச்சு மெட்ராஸ்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க தலைமுறை, இப்ப பெரும்பாலும் வீட்டுல இங்கிலீஷ்தான், ஆனா எங்க ஆயா அவங்க அம்மாகிட்ட கேட்ட தமிழை விடாம வச்சிருக்காங்க. "சாப்ட்டியா கண்ணு" அப்படின்னு அவங்க கேக்குறப்ப எங்க ஊர்ல யாரோ கேக்குற மாதிரியே இருக்கும். ஆயாவுக்கு சின்ன வயசுல டி.பி. வந்து குணமாயிருச்சு, ஆனா நுரையீரல்ல குழாயெல்லாம் விரிஞ்சு போய், பிராங்கியெக்டேசிஸ்னு சொல்றாங்களே அது. தினமும் காலையில சளி துப்பணும், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை காய்ச்சலோட சளி பச்சையாயிரும். டெஸ்ட்ல சூடோமோனாஸ்னு வரும். நான் லேப்ல எடுத்த தலைப்பும் அந்த சூடோமோனாஸ்தான். மூச்சுக்குழாய் செல்லு அந்த பாக்டீரியாவை எப்படிக் கண்டுபிடிக்குது, கண்டுபிடிச்சா என்ன பண்ணுதுங்கிறதுதான் கேள்வி. ராத்திரி பக்கத்து ரூம்ல ஆயா இருமுற சத்தம் கேக்குறப்ப எனக்கு அது வெறும் தீசிஸா இருக்கல.

விஷயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா நான் எங்க தப்பு பண்ணேன்னு புரியாது. நம்ம மூச்சுக்குழாய் உள்பக்கம் ஒரு தோல் மாதிரி செல்லு வரிசை இருக்கு. அது சும்மா சுவர் இல்ல, பாக்டீரியா வந்தா தானாவே கண்டுபிடிக்கும், அதுக்குன்னு பிறவியிலேயே ரிசெப்டர், அதாவது உணர்ற புரதம் இருக்கு. அதுல முக்கியமானது டோல் மாதிரி ரிசெப்டர், சுருக்கமா டி.எல்.ஆர்., மனுஷங்களுக்கு 10 வகை. முதல்ல ஈயிலதான் டோல் ஜீனைக் கண்டுபிடிச்சாங்க, 1996-ல ஹாஃப்மன் குழு அது ஈயைப் பூஞ்சைகிட்ட இருந்து காப்பாத்துதுன்னு காட்டினாங்க, 1998-ல பியூட்லர் குழு எலியில எல்.பி.எஸ்.-ஐ (சில பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்கிற ஒரு பொருள்) உணர்றது டி.எல்.ஆர்.4 ன்னு காட்டினாங்க, 2011-ல ரெண்டு பேருக்கும் நோபல்ல பங்கு கிடைச்சுது. ஒவ்வொரு ரிசெப்டரும் பாக்டீரியாவோட ஒரு பாகத்தைத்தான் பாக்கும். டி.எல்.ஆர்.2 லிப்போபுரோட்டீனை, அதாவது கொழுப்பு ஒட்டின புரதத்தை, டி.எல்.ஆர்.4 எல்.பி.எஸ்.-ஐ, டி.எல்.ஆர்.5 ஃபிளாஜெல்லினை, அதாவது பாக்டீரியா நீந்துற வால் செஞ்சிருக்கிற புரதத்தை. செல்லுக்குள்ள நாட்1, நாட்2 ன்னு செல்சுவர்த் துண்டைப் பாக்குறதும் இருக்கு. டி.எல்.ஆர்.2, 4, 5 இதுல எது தொட்டாலும் பொதுவா மை.டி.88 ங்கிற புரதம் வழியா, ஜீனை ஆன் பண்ற என்.எஃப். கப்பா பி ங்கிற புரதம் நியூக்ளியஸுக்குள்ள போகும், செல்லு ஐ.எல்-8 ன்னு ஒரு பொருளை வெளிய விடும், அந்த வாசனைக்கு ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு ஓடி வரும். நான் அளந்தது அந்த ஐ.எல்-8-ஐத்தான்.

ஆயாவுக்கு இதை எப்படி சொன்னேன்னா, இங்க நிறைய வீட்டு முற்றத்துல அலாரம் பீம் இருக்கும், குறுக்க ஆள் நடந்தா அடிக்கும், துப்பாக்கியோட செக்யூரிட்டி வண்டி வரும். ஆனா பூனை நாய்க்கெல்லாம் அடிச்சா யாரும் தூங்க முடியாது, அதனால பீமை ஒரு உயரத்துல வைப்பாங்க. செல்லும் அப்படித்தான். மூச்சுல தினமும் எவ்வளவோ பாக்டீரியாத் துணுக்கு உள்ள போகுது, அதுக்கெல்லாம் கத்திட்டே இருந்தா நுரையீரல் வெந்து போயிரும். அதனால ஒழுங்கா அடுக்கா வளர்ந்த செல்லுல டி.எல்.ஆர்.5 பெரும்பாலும் காத்துப் பக்கம் இருக்காது, அடிப்பக்கம் இருக்கும். உள்ள புகுந்தாத்தான் தொடும், இல்ல ஃபிளாஜெல்லின் நிறைய வந்தா மேல ஏறி வரும். டி.எல்.ஆர்.4-க்குத் துணையா எம்.டி-2 ன்னு ஒரு புரதம் வேணும், மூச்சுக்குழாய் செல்லுல அது ரொம்பக் கம்மி, அதான் எல்.பி.எஸ். போட்டா இந்த செல்லு பெருசா பதில் சொல்றதில்ல. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, என்னை ஏமாத்தினது அதுதான்.

நான் எடுத்தது பியாஸ்-2பி ன்னு ஒரு செல்லு, மனுஷ மூச்சுக்குழாய்ல இருந்து வைரஸ் ஜீன் போட்டு சாகாம வளர வச்சது. செல் பேங்க்ல புதுசா வாங்கினா விலையும் அதிகம், உலர்பனியில ஜோகன்னஸ்பர்க் வந்து கஸ்டம்ஸ் தாண்டி டர்பன் வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு எல்லாருக்கும் பயம். பக்கத்து லேப்ல ஒரு அக்கா நைட்ரஜன் டேங்க்ல இருந்து ஒரு வயல், அதாவது செல்லை உறைய வச்ச குட்டிக் குப்பி, எடுத்துக் குடுத்தாங்க. மேல மார்க்கர்ல பேரும், எத்தனை தடவை பிரிச்சு வளர்த்ததுன்னு சொல்ற பாசேஜ் நம்பரும், தேதி பாதி அழிஞ்சு போயிருந்துச்சு. சந்தோஷமா வாங்கிட்டு வந்து அன்னைக்கே எல்லாரும் யூஸ் பண்ற இன்குபேட்டர்ல வச்சேன். அந்த அக்காமேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, நல்ல மனசோட குடுத்தாங்க, அவங்களுக்கும் தெரியாது. கேக்க வேண்டியது நான். இதை மைக்கோபிளாஸ்மாவுக்கு, அதாவது செல்லோட கலந்து ஒளிஞ்சு வளர்ற அந்தக் குட்டி பாக்டீரியாவுக்கு, எப்ப டெஸ்ட் பண்ணீங்க, இந்த ஒரு கேள்வி.

2022 நவம்பர்ல முதல் எலைசா, அதாவது குழி குழியா (வெல்லுன்னு சொல்வோம்) இருக்கிற பிளேட்ல நிறத்தை வச்சு ஐ.எல்-8-ஐ அளக்குற டெஸ்ட். ஒண்ணுமே போடாத கண்ட்ரோல் வெல்லுல ஐ.எல்-8 ஒரு மில்லிக்கு 900 பிகோகிராம் பக்கம். எல்.பி.எஸ். போட்டதுல 950. ஃபிளாஜெல்லின் போட்டதுல 1400. நான் என்ன பண்ணேன்னா கண்ட்ரோலை ஒண்ணுன்னு வச்சு வகுத்துட்டேன், எல்.பி.எஸ். ஒரு மடங்கு, ஃபிளாஜெல்லின் ஒண்ணரை மடங்கு. எல்.பி.எஸ்.-க்கு இந்த செல்லு பதில் சொல்லாதுன்னு ஏற்கனவே படிச்சிருந்தேன்ல, அதனால மனசு அப்படியே ஒத்துக்கிச்சு. கிராஃப் அழகா வந்துச்சு, ஆனா அந்த கிராஃப்ல 900 எங்கயும் தெரியாது, வெறும் 1 ன்னு நிக்கும். தயவு செஞ்சு யாரும் மடங்கு கணக்கை மட்டும் போட்டு வைக்காதீங்க. பக்கத்துலயே அசல் அளவை எழுதுங்க, முந்தின மாச கண்ட்ரோலோட ஒப்பிட்டுப் பாருங்க. நான் எழுதியிருந்தா ஜனவரியில 1100, மார்ச்ல 1500 ன்னு அது ஏறினது கண்ணுல பட்டிருக்கும். டி.எல்.ஆர்.2-க்கான செயற்கை லிப்போபெப்டைட் போட்டுப் பாத்தேன், சுத்தமா அசையல. அதுக்கும் ஒரு கதை கட்டினேன், இந்த செல்லுல டி.எல்.ஆர்.2 கம்மியா இருக்கும்னு மூணு பக்கம் எழுதி கைடுக்கு அனுப்பினேன். அவங்க அந்த வருஷம் பெரும்பாலும் வெளிநாட்டுல, மெயில்லதான் பேச்சு, சரி இன்னும் ரெண்டு தடவை ரிப்பீட் பண்ணுன்னு சொன்னாங்க. ரிப்பீட் பண்ணேன். அதே தப்பு அதே மாதிரி வந்துச்சு, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்றதை உண்மைன்னு நம்பினேன்.

அப்ப 2023, லோட்ஷெட்டிங், அதாவது முறை வச்சு கரண்ட்டை நிறுத்துறது, உச்சத்துல இருந்த வருஷம். ஸ்டேஜ் 6 ன்னு மெசேஜ் வந்தா ஒரு நாள்ல பல மணி நேரம் கரண்ட் இருக்காதுன்னு வச்சுக்கோங்க. ஜெனரேட்டர் எடுக்குற வரைக்கும் இன்குபேட்டர்ல சூடு இறங்கும், கார்பன் டை ஆக்சைடு இறங்கும், மீடியா, அதாவது செல்லு வளர்ற திரவம், நிறம் மாறும். செல்லு மெதுவா வளருது, அடிக்கடி மீடியா மஞ்சளாகுது, ஓரத்துல உரிஞ்சு வருது, எல்லாத்துக்கும் நான் லோட்ஷெட்டிங்கைத்தான் சொன்னேன். லேப்ல எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. ஒரு கஷ்டம் எல்லாருக்கும் தெரிஞ்சு பெருசா இருக்குறப்ப மத்த எல்லாக் கோளாறும் அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குது. ராத்திரி 2 மணிக்கு கரண்ட் வரும்னு சொன்னா லேப்லயே உக்காந்திருப்பேன். ஈஸ்டர் லீவுக்கு ஆயா வீட்டுல எல்லாரும் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனாங்க, "வா பிள்ளை, ஒரு நாள்தானே"ன்னு ஆயா எவ்வளவோ கூப்பிட்டாங்க, பிளேட் இருக்குன்னு நான் போகல. அந்த பிளேட்டும் குப்பைதான்னு பின்னாடி தெரிஞ்சப்ப எனக்கு வந்த அழுகை வேற எதுக்கும் வரல.

ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழமை. என்.எஃப். கப்பா பி நியூக்ளியஸுக்குள்ள போறதைப் படம் எடுக்கலாம்னு செல்லுக்கு ஸ்டெயின் பண்ணேன், நியூக்ளியஸ் தெரியிறதுக்கு டி.என்.ஏ.-ல ஒட்டி நீலமா ஒளிர்ற டாப்பிங்கிற சாயம். கண்ட்ரோல் ஸ்லைடை வச்சா, ஒண்ணுமே போடாத செல்லுல பாதிக்கு மேல என்.எஃப். கப்பா பி ஏற்கனவே நியூக்ளியஸுக்குள்ள உக்காந்திருக்கு. குழம்பிப் போய் நீல சேனல்ல வெளிச்சத்தைக் கூட்டிப் பாத்தேன். நியூக்ளியஸுக்கு வெளிய, செல்லு ஓரம் பூரா, மாவு தூவின மாதிரி குட்டிக் குட்டி நீலப் புள்ளி. அங்க இவ்வளவு டி.என்.ஏ. தெரியவே கூடாது. உடனே பழைய படங்களைத் திறந்தேன். பிப்ரவரியில எடுத்த படத்துலயும் அதே புள்ளி இருக்கு. அன்னைக்கு அது ஸ்டெயின் அழுக்குன்னு நெனச்சு வெளிச்சத்தைக் குறைச்சு சேவ் பண்ணியிருக்கேன். நாலு மாசம் முன்னாடியே பதில் என் கம்ப்யூட்டர்ல இருந்திருக்கு. கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு, அங்கேயே தரையில உக்காந்துட்டேன்.

திங்கட்கிழமை பி.சி.ஆர்., மைக்கோபிளாஸ்மா பாசிட்டிவ். டேங்க்ல மிச்சம் இருந்த அந்த அக்காவோட இன்னொரு வயலும் பாசிட்டிவ். இதைப் பத்தி முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், 1956-லயே செல் கல்ச்சர்ல இது கலந்திருக்குன்னு எழுதிட்டாங்க. உலகத்துல பரிசோதிச்ச கல்ச்சர்ல 15-ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் இது இருக்குன்னு பொதுவா சொல்றாங்க. மத்த பாக்டீரியா வந்தா மீடியா கலங்கிப் போகும், ஒரே நாள்ல தெரிஞ்சிரும். இது ஒரு மில்லிக்குக் கோடிக்கணக்குல இருந்தாலும் மீடியா கண்ணாடி மாதிரி இருக்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்ல தெரியாது. ஃபில்டர்ல கூட சிலது நழுவிப் போயிரும். நாம மீடியால போடுற பென்-ஸ்ட்ரெப் இருக்கே, பென்சிலின் செல்சுவரைக் கட்ட விடாம பண்ணித்தான் பாக்டீரியாவைக் கொல்லும், மைக்கோபிளாஸ்மாவுக்கு செல்சுவரே கிடையாது. அதுமேல பூரா லிப்போபுரோட்டீன். லிப்போபுரோட்டீனைப் பாக்குறது யாரு, டி.எல்.ஆர்.2, கூட டி.எல்.ஆர்.6. அதாவது நான் கேட்ட கேள்விக்கு செல்லு முதல் நாள்ல இருந்து பதில் சொல்லிட்டே இருந்திருக்கு. பாக்டீரியா இங்க இருக்கு, இருக்குன்னு 900 பிகோகிராம், 1500 பிகோகிராம் ஐ.எல்-8-ல கத்தியிருக்கு. மாசக்கணக்கா தூண்டித் தூண்டி டி.எல்.ஆர்.2 மரத்துப் போயிருக்கு, அதான் நான் போட்ட லிப்போபெப்டைட்டுக்கு அசையல. அதைத்தான் நான் ரிசெப்டர் கம்மின்னு எழுதி வச்சிருந்தேன்.

இதுக்கப்புறம் செஞ்சதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. ஒரே ஹூட்ல, அதாவது வடிகட்டின காத்து வர்ற வேலைப் பெட்டியில, சில நாள் ஒரே மீடியா பாட்டில்ல, இன்னொரு பொண்ணு ஏ549 ன்னு ஒரு நுரையீரல் புற்றுநோய் செல்லு வளர்த்துட்டு இருந்தாங்க. உம்லாஸில இருந்து வர்ற ஜூலு பொண்ணு, என்னை சிசின்னு, அதாவது அக்கான்னு கூப்பிடுவாங்க. அவங்க செல்லையும் டெஸ்ட் பண்ணா பாசிட்டிவ். போய் நேரா சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "எந்த மாசத்துல இருந்து"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. இந்த இடத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, தெரிஞ்ச அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லுங்க. மறைச்சு வச்சு சத்தமில்லாம தூக்கிப் போட்டா பக்கத்து ஆளோட வருஷமும் சேந்து போகும். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் இன்குபேட்டரைக் கழுவினோம், தண்ணித் தட்டை மாத்தினோம், திறந்த பாட்டில் எல்லாத்தையும் தூக்கிப் போட்டோம். செல்லைக் காப்பாத்த மருந்து இருக்கு, ரெண்டு வாரம் போடலாம், ஆனா ரிசெப்டர் வேலைக்கு அதுல தப்பிச்ச செல்லை நம்ப எனக்கு மனசு வரல. எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல, அதாவது அழுத்தின நீராவியில, வச்சு அழிச்சிட்டோம்.

கணக்கு சொல்லணும்னா, எலைசா கிட், சீரம், ரெண்டு வயல் ஃபிளாஜெல்லின்னு லேப் காசு கிட்டத்தட்ட 90,000 ராண்ட். என் கையில இருந்து நீட்டிச்ச மாசத்துக்கான வாடகை, சாப்பாடு, ஃபீஸ், விசா எல்லாம் சேத்து 40,000 ராண்ட், அப்ப நம்ம ஊர்க் காசுக்கு ஒண்ணே முக்கால் லட்சம். அப்பா யார்கிட்ட வாங்கி அனுப்பினார்னு இன்னைக்கும் எனக்கு சொல்லல. அந்தத் தொகைக்கு முன்னாடி ஒரு பி.சி.ஆர். டெஸ்ட் எவ்வளவுன்னு பாத்தா வயிறு எரியும், அவ்வளவு கம்மி.

இப்ப நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேன். புது வயல் யார் குடுத்தாலும், செல் பேங்க்ல இருந்தே வந்தாலும், தனி இன்குபேட்டர்ல வைக்கிறேன், தனி இன்குபேட்டர் இல்லன்னா தனி டப்பாவுல, நாளோட கடைசி வேலையா மட்டும் தொடுறேன். ஆன்டிபயாடிக் இல்லாம ரெண்டு பாசேஜ் வளர்த்து, செல்லு நெறஞ்ச ஃப்ளாஸ்க்ல ரெண்டு மூணு நாள் மாத்தாம விட்ட மீடியாவை எடுத்து பி.சி.ஆர். பண்றேன். ஆன்டிபயாடிக் இருந்தா அது அடங்கி இருந்து டெஸ்ட்ல தப்பிச்சிரும். அதே நாள் ஒரு கவர்ஸ்லிப்ல டாப்பி போட்டு, வெளிச்சத்தைக் கூட்டி நியூக்ளியஸுக்கு வெளியதான் பாக்குறேன். ஹூட்ல வேலை செய்யிறப்ப பேசுறதில்ல, மாஸ்க் கண்டிப்பா. லேப்ல வர்ற மைக்கோபிளாஸ்மாவுல ஒரு வகை மனுஷ வாய்ல இருக்கிறதுதான். மீடியா பாட்டிலை யாரோடயும் பங்கு போடுறதில்ல, கேட்டா கொஞ்சம் தனியா ஊத்திக் குடுக்குறேன்.

சுத்தமான செல்லு வந்தப்புறமும் ஒரு குழி இருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். விலை கம்மியான எல்.பி.எஸ். போட்டா செல்லு நல்லா பதில் சொல்லுச்சு, மறுபடி சுத்திகரிச்சது போட்டா ரொம்பக் கம்மி. சாதாரண எல்.பி.எஸ்.-ல லிப்போபுரோட்டீன் ஒட்டிட்டு இருக்கும், அது டி.எல்.ஆர்.2-ஐத் தட்டும், இதை 2000-லயே காட்டிட்டாங்க. டி.எல்.ஆர்.4 பத்திப் பேசணும்னா சுத்திகரிச்சதுதான் வாங்கணும், காசு பாக்காதீங்க. இன்னொண்ணு, சீரம் இல்லாத மீடியால எல்.பி.எஸ். இன்னும் மந்தமாகும், ஏன்னா அதைத் தூக்கிட்டுப் போய் ரிசெப்டர்ல குடுக்கிற புரதம் சீரத்துலதான் இருக்கு. கண்ணாடிப் பாத்திரம் ஆட்டோகிளேவ் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, பாக்டீரியா சாகும், எல்.பி.எஸ். சாகாது, 250 டிகிரி ஓவன்ல அரை மணி நேரமாவது வைக்கணும். ஃபிளாஜெல்லின் வேலை செஞ்சுதா இல்ல அதுல ஒட்டின எல்.பி.எஸ். வேலை செஞ்சுதான்னு சந்தேகம் வந்தா ஒரு வெல்லுல பாலிமிக்சின் பி, ஒரு வெல்லுல புரோட்டீனேஸ் கே-ல ஊற வச்ச ஃபிளாஜெல்லின் போட்டுப் பாருங்க. முதல்ல சொன்னது எல்.பி.எஸ்.-ஐக் கட்டிப் போடும், ரெண்டாவது புரதத்தை அறுத்துரும், எது பதிலைக் குறைக்குதுன்னு பாத்தா விடை தெரிஞ்சிரும்.

2023 நவம்பர்ல, முதல் எலைசா போட்டு சரியா ஒரு வருஷம் கழிச்சு, சுத்தமான செல்லுல திரும்பப் போட்டேன். அன்னைக்கும் லோட்ஷெட்டிங், ஜெனரேட்டர் சத்தத்துல பிளேட் முன்னாடி நின்னுட்டு இருந்தேன். முன்னாடியெல்லாம் நிறம் குடுக்குற சப்ஸ்ட்ரேட் ஊத்தின ரெண்டு மூணு நிமிஷத்துல பிளேட் பூரா நீலமாயிரும். அன்னைக்கு ஃபிளாஜெல்லின் வரிசை மட்டும் மெதுவா நீலம் ஏறுச்சு, கண்ட்ரோல் வரிசை தண்ணி மாதிரியே நின்னுச்சு. கால் மணி நேரம் கழிச்சு ஆசிட் ஊத்தினா நீலம் மஞ்சளாச்சு, ரீடர்ல போட்டா கண்ட்ரோல் 60, ஃபிளாஜெல்லின் 1300. அந்த 60-ஐத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். வீட்டுக்கு வர்றப்ப மணி 11, ஆயா தூங்காம கேஸ் அடுப்புல கஞ்சி வச்சுட்டு உக்காந்திருந்தாங்க, "என்ன கண்ணு, உன் செல்லு இன்னைக்காவது சும்மா இருந்துச்சா"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு ஆயா, அப்படின்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்தேன்.